உப்பு ‘விளைகிறதா’, ‘படிகமாகிறதா’? கடற்கரைப் பள்ளிகளுக்கான அறிவியல் சொற்கள்

கேள்வி: கண்டல்வேர்

வணக்கம். மண்டபம் முதல் மூக்கையூர் வரை உள்ள கடற்கரைப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சொல்லேடு தயாராகிறது. மீன், நண்டு, கடல்தாழை எதுவும் அதில் வராது. உப்பு, மணல், பாறை, இரும்பு, கடல்நீர், காற்று என்று உயிரில்லாப் பொருள்களும் அவற்றில் நடக்கும் மாற்றங்களும் மட்டுமே. பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. சில இடங்களில் நின்றுபோயிருக்கிறோம்.

முதல் சிக்கல், ஊரில் வழங்கும் வினைச்சொற்கள். அளத்தில் உப்பு ‘விளைகிறது’. சுவரில் உப்பு ‘பூக்கிறது’. இரும்பைத் துரு ‘தின்கிறது’. கடல் ‘உள்வாங்குகிறது’. எல்லாமே உயிருள்ளவை செய்கிற வேலைகள். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை ‘பாத்தியில் உப்பு விளைகிறது’ என்று எழுதினால் அதை அடிக்க வேண்டுமா?

அடுத்து, நெருங்கிய சொற்கள். ஆவியாதல், வற்றுதல், காய்தல், கொதித்தல் ஒரு பக்கம். படிதல், வீழ்படிவாதல், படிகமாதல் இன்னொரு பக்கம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘அரிப்பு’ இன்னும் மோசம். கரை அரிப்பு, இரும்பு அரிப்பு, சுவர் அரிப்பு எல்லாவற்றுக்கும் அதே சொல். ஏற்ற வற்றத்துக்குப் புத்தகச் சொல்லும் கரைச் சொல்லும் ஒட்டவில்லை. தெரிந்தவர்கள் எடுத்துக்காட்டோடு விளக்கினால் அப்படியே ஏட்டில் சேர்க்கலாம்.

மறுமொழி 1: அளத்துவரப்பு

சார், சொற்களைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம் தீராது. கடல்தண்ணீர் தெப்பத்துக்குள், அதாவது அதைத் தேக்கிவைக்கும் குளத்துக்குள், வந்து பாத்தியில் உப்பாகிற வரைக்கும் அதோடு கூடவே போய்ப் பாருங்கள். எந்தச் சொல் எந்த வரப்பில் நிற்க வேண்டும் என்று தானாகத் தெரியும். வாலிநோக்கத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இது ஒன்றுதான்.

முதலில் ‘டிகிரி’. அளத்தில் ‘எத்தனை டிகிரி’ என்று கேட்பது சூட்டை இல்லை. அது போமே டிகிரி, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் எண். மிதக்கும் கண்ணாடிக் குழலில் பார்ப்பது. சொல்லேட்டில் முதல் பக்கத்திலேயே இதைப் போட்டுவிடுங்கள்; 25 டிகிரி என்று சொன்னதும் பிள்ளைகள் வெப்பநிலை என்று எழுதிவிடுவார்கள். கணக்கும் எளிது: 145ஐ, 145இலிருந்து போமேயைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி வரும். 25 போமே என்றால் 145ஐ 120ஆல் வகுக்க வேண்டும்; 1.208. அதாவது ஒரு லிட்டர் ஏறக்குறைய 1 கிலோ 208 கிராம்.

திறந்த கடல்நீர் 3 முதல் 3.5 போமே. ஒரு லிட்டரில் 35 கிராம் அளவுக்கு எல்லா உப்புகளும் சேர்ந்து கரைந்திருக்கும். அதில் நாம் சாப்பிடும் உப்பு, சோடியம் குளோரைடு, 27 கிராம் சொச்சம். தெப்பத்தில் நடப்பது ஆவியாதல். நீர் மட்டும் மேற்பரப்பிலிருந்து எழுந்து போகிறது, உப்பு போவதில்லை. எந்தச் சூட்டிலும் நடக்கும், ராத்திரியிலும் நடக்கும். கொதித்தல் வேறு. அது நீரின் உள்ளே முழுக்கக் குமிழி கிளம்பி, அந்தக் காற்றழுத்தத்துக்குரிய ஒரே வெப்பநிலையில் நடப்பது. அளத்தில் கொதித்தல் எங்கேயும் கிடையாது. ‘வற்றுதல்’ என்பது நீரின் அளவு குறைவதை மட்டும் சொல்லும். ஆவியாகியும் வற்றலாம், மண்ணுக்குள் கசிந்தும் வற்றலாம். பாத்தியின் களித்தரை சரியாக மிதித்து இறுக்கப்படாவிட்டால் தண்ணீர் வற்றும், ஆனால் டிகிரி ஏறாது. அப்போது அது கசிவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆவியாதலா கசிவா என்று பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

தண்ணீர் 7 போமேயைத் தாண்டும்போது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், வெளியேறத் தொடங்கும். 13 போமே சுமாருக்கு ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், இறங்கும். அப்போது முதலில் இருந்த நீரில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். 25.5 போமேயில், பத்தில் ஒரு பங்காகக் குறுகிய பிறகு, சோற்றுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இறங்கத் தொடங்கும். 29, 30க்கு வந்ததும் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், ஈரம் போகாது.

இப்போது உங்கள் மூன்று சொற்கள். மழை பெய்து கலங்கிய தண்ணீரில் சேறு அடியில் உட்காருவது படிதல்; அது கரைந்திருந்த பொருளே இல்லை, மிதந்துகொண்டிருந்த துகள். அப்படிச் சேர்ந்தது வண்டல். கரைந்திருந்த ஒன்று கரைசலை விட்டுத் திண்மமாக வெளியே வருவது வீழ்படிவாதல். வந்த திண்மத்துக்குள் அணுக்கள் ஒழுங்கான அடுக்காக நின்றால் அது படிகம். ஆகவே வீழ்படிவும் படிகமும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. ஜிப்சமும் வீழ்படிவுதான், அதே நேரம் படிகமும்தான். வீழ்படிவு என்பது எப்படி வந்தது என்று சொல்கிறது, படிகம் என்பது உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சோதனை வேண்டுமானால் நான்கு மடிப்புத் துணி போதும். கலங்கலை வடித்தால் பெரும்பாலான சேறு துணியில் நிற்கும். தெளிந்த உப்புநீரை எத்தனை முறை வடித்தாலும் உப்பு துணியில் நிற்காது.

இன்னொன்று: வேதியியலில் ‘உப்பு’ ஒரு குடும்பப் பெயர். ஜிப்சமும் உப்பு, மெக்னீசியம் குளோரைடும் உப்பு. ஏட்டில் ‘சாதாரண உப்பு’ அல்லது ‘சோடியம் குளோரைடு’ என்று எழுதுங்கள். வெறும் ‘உப்பு’ என்று எழுதினால் மேலே சொன்ன வரிசையே புரியாது.

மறுமொழி 2: மெய்யெழுத்து

உயிரில்லாப் பொருளுக்கு உயிருள்ள வினை வரலாமா என்பதற்கு என் பதில்: வரலாம், ஒரு நிபந்தனையோடு. அந்தச் சொல்லை நம்பி ஒரு பிள்ளை கணிக்கிற கணிப்பு அளவில் பொய்த்தால் சொல்லை மாற்ற வேண்டும். பொய்க்காவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ச்சொல் என்பதற்காகத் தள்ளக் கூடாது.

‘விளை’யை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் பாடத்தில் வினைபடுபொருள், வினைவிளைபொருள் என்று நாமே சொல்கிறோம். ‘விளைவு’ என்பது எதிலிருந்தோ வந்து சேர்ந்தது. ஆக உப்பு விளைகிறது என்று எழுதிய பிள்ளை தவறு செய்யவில்லை. எப்படி விளைகிறது என்று கேட்கும்போது ‘நீர் ஆவியாகி, கரைசல் தெவிட்டி, படிகமாகி’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விளைதல் மொத்த வேலைக்குப் பெயர். படிகமாதல் அதற்குள் ஒரு கட்டத்துக்குப் பெயர்.

‘படிகம் வளர்கிறது’ என்பதும் அறிவியல் வழக்குதான். ஆனால் அதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். செடி உள்ளே உணவை மாற்றி வளர்கிறது. படிகம் வெளிப்புறத்தில் அதே பொருள் அடுக்கடுக்காக ஒட்டுவதால் பெரிதாகிறது. கரைசலில் பொருள் தீர்ந்தால் நின்றுவிடும், நீர் சேர்த்தால் திரும்பிக் கரைந்துவிடும். வளர்ந்த செடி திரும்ப விதைக்குள் போகாது.

‘துரு தின்கிறது’ மட்டும் வெளியே போக வேண்டியது. தின்றால் குறையும் என்று பிள்ளை நினைக்கும். உண்மையில் எடை கூடுகிறது. 56 கிராம் இரும்பு, ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து முழுக்க ஹைட்ராக்சி ஆக்சைடாக மாறினால் 89 கிராம் வரும். ஆணியை வைத்து அளந்தால் சொல் பொய்த்துவிடும். ‘துருப்பிடித்தல்’ சரியான சொல். ஒன்று வந்து பிடித்துச் சேர்கிறது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

அடுத்து நம் மொழி இலவசமாகத் தருகிற ஒரு கருவியைப் பாடநூல் எழுதுவோரே பலமுறை கைநழுவ விடுகிறார்கள். தன்வினை, பிறவினை. கரைதல், கரைத்தல். உருகுதல், உருக்குதல். குளிர்தல், குளிர்வித்தல். ஆவியாதல், ஆவியாக்குதல். காய்தல், காய்ச்சுதல். பொருளில் தானாக நடப்பது முன்னது, ஒருவர் அல்லது ஒன்று செய்விப்பது பின்னது. உப்பளத்தில் நீர் ஆவியாகிறது. அடுப்பில் வைத்து ஆவியாக்குகிறோம். ‘உப்புக் காய்ச்சுதல்’ என்று பழைய வழக்கில் வந்தால் அது அடுப்பு வேலை, அளத்து வேலை இல்லை. நிகழ்வுப் பெயர்களை ஏட்டில் சேர்க்கும்போது எல்லாவற்றையும் இந்த இணையாகவே போடுங்கள். பக்கம் கொஞ்சம் கூடும். ஆனால் ‘உப்பு கரைத்தது’ போன்ற விடைகள் குறையும்.

‘காய்தல்’ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது ஈரம் போவதைச் சொல்வது, எதிலிருந்து என்றால் திண்மத்திலிருந்து. வலை காயும், உப்புக் குவியல் காயும். கடல் காயாது, வற்றும். வழக்கே இந்த வேற்றுமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

செறிவு, அடர்த்தி இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு லிட்டரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது செறிவு. ஒரு லிட்டர் எவ்வளவு எடை என்பது அடர்த்தி. அளத்தில் பார்ப்பது அடர்த்தி. அதை வைத்துச் செறிவை ஊகிக்கிறார்கள்.

கண்டல்வேர்

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். தெவிட்டிய கரைசல், பூரிதக் கரைசல், நிறைவுற்ற கரைசல் என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன், எதை வைப்பது? அளத்துவரப்பு அண்ணே, நீங்கள் சொன்ன வரிசையை வகுப்பறையிலேயே செய்துகாட்ட வழி உண்டா? அளவோடு சொல்லுங்கள்.

மறுமொழி 3: மெய்யெழுத்து

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘தெவிட்டிய’ என்றே நிலைத்துவிட்டது, அதையே வையுங்கள். பிள்ளைக்கு வாயில் இருக்கிற சொல். அதிரசம் தெவிட்டும்; அதற்கு மேல் இறங்காது. கரைசலும் அப்படியே. 25 டிகிரி செல்சியசில் 100 மில்லி நீர் ஏறக்குறைய 36 கிராம் சாதாரண உப்பைத்தான் ஏற்கும், மிச்சம் அடியில் கிடக்கும். ‘பூரித’ பழைய நூல்களில் வரும், அடைப்புக்குள் ஒருமுறை காட்டினால் போதும். ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் சொச்சத்திலேயே தெவிட்டிவிடும். அளத்தில் அது சாதாரண உப்புக்கு முன்பே இறங்குவதற்குக் காரணம் இந்தக் கரைதிறன் வேற்றுமைதான்.

மறுமொழி 4: அளத்துவரப்பு

வகுப்பறைக்கு 5 லிட்டர் கடல்நீர் எடுங்கள். ஊர்ச் சாக்கடை சேரும் இடத்திலோ கழிமுகத்திலோ எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே 2 போமேகூட இருக்காது. நான்கு மடிப்புத் துணியில் வடித்து, ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

அகலமான பிளாஸ்டிக் தட்டு, உள்புறம் கறுப்பாக இருந்தால் நல்லது. நீர் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தகரத் தட்டு வைத்தால் துரு கலந்து பழுப்பாகிவிடும், பிள்ளைகள் அதை இரும்பு உப்பு என்று எழுதுவார்கள். அலுமினியத்தையும் உப்புநீர் குழிக்கும். மொட்டைமாடியில் வெயிலும் காற்றும் படும்படி வையுங்கள், தூசிக்கு மேலே மெல்லிய வலைத்துணி.

ஐந்து லிட்டர் ஒரு லிட்டராகும்போது தட்டின் அடியில் வெள்ளையாக நறநறவென்று பொடி உட்காரும். பெரும்பகுதி ஜிப்சம், அதற்கு முன்பே விழுந்த சுண்ணாம்பு அரை கிராம்கூடத் தேறாது, கண்ணில் படாது. நீர் அரை லிட்டராகும் வரை ஜிப்சம் தொடர்ந்து இறங்கும். மொத்தம் ஐந்தாறு கிராம் வரும். அரை லிட்டருக்குச் சற்று மேலே இருக்கும்போதே நீரை வேறு தட்டுக்கு மெதுவாக இறுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். விட்டால் ஜிப்சமும் உப்பும் ஒரே தட்டில் கலந்து, பரிசோதனையில் காட்ட ஒன்றும் இருக்காது.

இரண்டாவது தட்டில் சீக்கிரமே நீரின் மேல்பரப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும். உப்பு நீரைவிடக் கனம்தான். பரப்பு இழுவிசை அதைத் தாங்குகிறது. ஓரங்கள் முதலில் வளர்வதால் நடுவில் குழிந்து, கவிழ்த்த கூம்பு மாதிரி ஆகும். கனம் கூடியதும் மூழ்கும். பூதக்கண்ணாடியில் காட்டுங்கள், படிகம் என்ற சொல் அதற்குப் பிறகு மறக்காது. அசைக்காமல், மெதுவாக ஆவியானால் பெரிய கல். கிளறினாலும் காற்று அலைத்தாலும் பொடி.

நீர் 150 மில்லிக்கு இறங்கும்போது நிறுத்தி, மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். 100 கிராம் அளவுக்கு உப்பு கிடைக்கும். 135 கிராம் வரவேண்டுமே என்று பிள்ளை கேட்டால் நல்ல கேள்வி. மிச்சம் அந்தக் கசப்பு நீரிலேயே கரைந்து கிடக்கிறது. முழுக்க எடுக்க ஆசைப்பட்டு அடுப்பில் வைத்து ஒட்ட வற்றவிட்டால் எல்லா உப்பும் ஒன்றாகச் சேர்ந்து கசக்கும், மறுநாளே தண்ணீர் விட்டு நசநசக்கும்.

அந்த நசநசப்புக்கும் ஏட்டில் இரண்டு சொல் வேண்டும். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொள்வது ஈரம் உறிஞ்சுதல். எடுத்த ஈரத்திலேயே கரைந்து நீராகிவிடுவது ஈரம் உறிஞ்சிக் கரைதல். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கசப்பு நீர் சரியாக வடியாத உப்புதான் வாடைக்காலத்தில் டப்பாவுக்குள் தண்ணீர் விடும். அதே 75ஐத் திருப்பிப் பார்த்தால் அளத்துக்கும் பொருந்தும்: தெவிட்டிய உப்புநீருக்கு மேலே காற்றின் ஈரப்பதம் 75க்குக் கூடினால் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுபோகும். கச்சான் (மேற்குக் காற்று) காய்ந்து அடிக்கும்போது உப்பு இறங்குவதும், கொண்டலில் (கிழக்குக் காற்றில்) ஈரம் ஏறினால் வெயிலிருந்தும் பாத்தி அப்படியே கிடப்பதும் இதனால்தான்.

மறுமொழி 5: பாம்பன்தூண்

‘அரிப்பு’ பற்றி யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த ஒரு சொல் நம் கடற்கரையில் நான்கு வேலை பார்க்கிறது. பொதுக்கருத்து ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பது. அரிசியில் கல் அரிப்பது, கரையான் கதவை அரிப்பது, அலை கரையை அரிப்பது எல்லாம் அதில் அடங்கும். அறிவியலுக்கு அது போதாது, ஏனென்றால் காரணமும் மருந்தும் வேறு வேறு.

இரண்டு கேள்வி கேட்டால் பிரித்துவிடலாம். புதுப்பொருள் உண்டானதா? இருந்த பொருள் இடம் மாறிப் போனதா?

அலை மணலைக் கொண்டுபோனால் புதுப்பொருள் இல்லை, மணல் மணலாகவே வேறு இடத்தில் கிடக்கும். இது அரித்தல்; மண் அரிப்பு, கரை அரிப்பு. இதற்கு உடன்பிறப்புகள் கடத்துதல், படியவைத்தல். மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கு அப்பால் தீடைகள் இடம் மாறுவதும் உருமாறுவதும் மூன்றும் சேர்ந்து நடப்பதால்தான். ‘தீடை’யை ஏட்டில் கட்டாயம் வையுங்கள். கடலுக்குள் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் மணல் திட்டுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் இல்லை.

இரும்பு துருவாவது வேதிமாற்றம், புதுப்பொருள் உண்டாகிறது. பாடநூலில் இதற்கு உலோக அரிமானம் என்று பெயர். துருப்பிடித்தல் இரும்புக்கு மட்டும். அரிமானம் எல்லா உலோகத்துக்கும். செம்பில் பச்சைக் களிம்பேறுவதும் அரிமானம், ஆனால் துரு இல்லை. தேவை இரண்டு, நீரும் ஆக்சிஜனும். உப்பு மூன்றாவது தேவை என்று எழுதுவது தவறு. அது நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டி வேலையை வேகப்படுத்துகிறது, கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியின் மேல் இருக்கும் காப்புப் படலத்தையும் குளோரைடு உடைத்துவிடுகிறது.

பரிசோதனைக்கு நான்கு கண்ணாடிக் குழாய். புது ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள், கடையில் வருகிற எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஒரு வாரமானாலும் ஒன்றும் நடக்காது. ஒன்றில் குடிநீர், ஒன்றில் கடல்நீர். மூன்றாவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்த நீரை ஆணி மூழ்க ஊற்றி, மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய். கொதித்ததால் கரைந்த காற்று போயிருக்கும், எண்ணெய் புதிதாக வரவிடாது. நான்காவதில் கால்சியம் குளோரைடு துண்டும் காய்ந்த ஆணியும், வாயில் இறுக்கமான மூடி. மூன்று நாளில் முதல் இரண்டில் மட்டும் துரு, கடல்நீரில் கூடுதல். மூன்றாவதிலும் துரு வந்தால் எண்ணெய் ஊற்றத் தாமதமாகி, நீர் ஆறும்போது காற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று பொருள்.

பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஓயாத பெயிண்ட் வேலை தேவைப்பட்டதற்கும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டதற்கும் காரணம் இந்த அரிமானம். அலை அரிப்புக்குக் கல் கொட்டலாம், அரிமானத்துக்குக் கல் கொட்டிப் பயனில்லை. ஒரே சொல்லை வைத்தால் இந்த வேறுபாடு போய்விடும்.

மூன்றாவது, சுவர். ‘உப்பரிச்ச சுவர்’ என்கிறோம். கிணற்று உவர்நீரில் கலவை போட்டாலோ, அடிமண்ணின் ஈரம் சுவரில் ஏறினாலோ, கரைந்த உப்பும் கூடவே ஏறும். ஏறுவது நுண்துளை ஏற்றம். வெளிப்பரப்பில் நீர் ஆவியாகி, உப்பு வெள்ளையாக நின்றால் உப்புப் பூத்தல். ஈரத்துணியால் துடைத்தால் போகும், கேடு குறைவு. பூச்சுக்கு உள்ளேயே, துளைகளுக்குள் படிகமானால் அது பக்கங்களைத் தள்ளும், பூச்சு பொரிந்து உதிரும். இது உப்புச் சிதைவு, பாறைச் சிதைவு வகை. அரிமானமும் இல்லை, அரித்தலும் இல்லை. தண்ணீர் புகாத சிமெண்டை மேலே பூசுவது பெரிய தவறு. உப்பு உள்ளே அடைபட்டு இன்னும் ஆழத்தில் படிகமாகி, பூச்சு பாளம் பாளமாக விழும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் பவளக்கல் சுவர்களிலும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நான்காவது தோல் அரிப்பு, அது உங்கள் ஏட்டுக்கு வெளியே.

பவளக்கல் என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘பவளப்பாறை’ உயிருள்ளதா இல்லாததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாறை கால்சியம் கார்பனேட், உயிரில்லாதது. அதைச் சுரந்து கட்டுவது பவள உயிரி. ஏட்டில் இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்தால் ஒழிய இது தீராது.

மறுமொழி 6: தீடைக்காற்று

கடல் பக்கம் மிச்சமிருக்கிறது. ஓதம் என்பது நிலவும் சூரியனும் இழுப்பதால் நீர்மட்டம் ஏறி இறங்குவது. நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய ஏற்றம் நாளை 50 நிமிடம் பிந்தும். குழப்பம் எங்கே என்றால், சில புத்தகங்களில் அமாவாசை, பௌர்ணமியில் வரும் பெரிய ஓதத்தை ‘உயர் ஓதம்’ என்றும், அன்றாட ஏற்றத்தையும் அதே சொல்லால் குறிப்பதும். பிள்ளை மாதத்துக்கு இரண்டு என்றும் எழுதுவான், நாளுக்கு இரண்டு என்றும் எழுதுவான், இரண்டுக்கும் புத்தகத்தில் ஆதாரம் இருக்கும். அன்றாடத்துக்கு ஏற்றம், வற்றம் என்ற ஊர்ச்சொல்லையும், அமாவாசை பௌர்ணமிக்கு ‘பெரு ஓதம்’, அட்டமிப் பக்கம் வருவதற்கு ‘சிறு ஓதம்’ என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து.

‘கடல் உள்வாங்கியது’ என்ற சொல் நிகழ்வை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. பெரு ஓத நாளின் வற்றத்திலும் உள்வாங்கும்; கரையிலிருந்து கடலை நோக்கிப் பலத்த காற்று அடித்தாலும் ஆழமில்லாத பாக் விரிகுடாவில் நீர் தள்ளப்பட்டு உள்வாங்கும்; ஆழிப்பேரலைக்கு முன்பும் உள்வாங்கலாம். எனவே ஏட்டில் இந்தச் சொல்லுக்கு எதிரே மூன்று காரணத்தையும் எழுதுங்கள். உயிர் காக்கிற சொல் இது. முதல் இரண்டில் நீர் மணிக்கணக்கில் மெதுவாகப் பின்வாங்கும். சில நிமிடங்களிலேயே வழக்கமில்லாத தூரம் வற்றினால் பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

அதேபோல் 1964இல் தனுஷ்கோடியில் வந்தது ஆழிப்பேரலை இல்லை, புயல் எழுச்சி. காற்று நீரைக் கரைமேல் குவிப்பதும், காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் உயர்வதும் சேர்ந்தது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். 2004 டிசம்பர் 26இல் வந்தது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை. இரண்டையும் ‘கடல் பொங்கிருச்சு’ என்றே சொல்கிறோம்.

திசைப் பெயரில் ஒரு பொறி உண்டு. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால் பெயர்; வாடை வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்துக்கு அறிவியலில் அது எங்கே போகிறதோ அந்தத் திசையால் பெயர். ‘வடக்குக் காற்று’, ‘வடக்கு நீரோட்டம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. ‘வடக்கிலிருந்து வீசும்’, ‘வடக்கு நோக்கி ஓடும்’ என்று வேற்றுமை உருபோடு எழுதிவிடுங்கள். நீரோட்டத்துக்கு நீவாடு என்ற சொல்லையும் சேர்த்தால் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

‘பனி’யும் பாருங்கள். நம் பக்கம் பனி என்றால் விடியலில் புல்லில் நிற்கும் துளியும் மூட்டமும்தான். புத்தகத்தில் பனி என்றால் பல இடங்களில் உறைந்தது. துளிக்குப் பனித்துளி, மூட்டத்துக்கு மூடுபனி, உறைந்ததற்கு உறைபனி என்று முழுப்பெயரே எழுத வேண்டும். முதல் இரண்டும் ஆவி சுருங்குதல், நீராவி திரவமாவது. மூன்றாவதில் நீராவி நேரே திண்மமாகிறது.

கண்டல்வேர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். போமே மானி ஒன்று வாங்கிவிட்டோம். நேற்று தட்டில் உப்பு இறங்கிவிட்டது, ஆனால் மானி 24.5 தான் காட்டுகிறது. மானி பழுதா?

மறுமொழி 7: அளத்துவரப்பு

மானி பழுதாக இருக்காது சார், தண்ணீரின் சூடு. அந்த மானியில் எந்த வெப்பநிலைக்கு அளவிட்டது என்று தாளில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 15 அல்லது 20 டிகிரி செல்சியஸ். மதியத் தட்டில் நீர் 40 இருக்கும். சூடானால் நீர் விரிந்து அடர்த்தி குறையும். 20 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 1 போமே குறைத்துக் காட்டும். 24.5ஓடு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், 25.5 வந்துவிடும். உயரமான குழலில் ஊற்றி, மானி சுவரில் ஒட்டாமல், குமிழி ஒட்டியிருந்தால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, பிறைத்தளத்தின் அடிவரியில் கண்ணை நேராக வைத்துப் படியுங்கள். படித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தண்டில் உப்பு காய்ந்து ஒட்டினால் எடை கூடி, அடுத்த முறை மானி ஆழமாக அமிழ்ந்து இன்னும் குறைவாகக் காட்டும்.